"குறை ஏதும் காணப்படவில்லை" என்று எழுதி அனுப்பியவர்களுக்கு

டேப்லெட் நிறுவனத்தின் வாரண்டிப் பிரிவினருக்கு வணக்கம்.

வாங்கி ஏழே மாதமான என் டேப்லெட்டை உங்களுக்கு மூன்று முறை அனுப்பினேன். முதல் இரண்டு முறையும் போனபடியே திரும்பி வந்தது. கூடவே ஒரு தாள்: "சோதனையில் குறை ஏதும் காணப்படவில்லை." மூன்றாவது முறை திரையை மாற்றித் தந்துவிட்டீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்த முதல் இரண்டு தாள்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

குறை இதுதான். டேப்லெட்டைப் படுக்கைவாட்டில் பிடித்தால் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு. கூடவே, விரல் படாமலேயே அந்தப் பக்கம் தானாக டச் ஆகும். இரண்டுமே திரையைப் போட்டவுடன் வராது. இருபது நிமிடம் வீடியோ ஓடி, பின்பக்கம் சூடேறிய பிறகுதான் வரும். ஆறவிட்டால் போய்விடும். இதை விண்ணப்பத்தில் எழுதினேன், வீடியோவும் எடுத்து இணைத்தேன்.

சூடேறினால் ஏன் வருகிறது என்று என்னைவிட உங்கள் டெக்னீஷியனுக்கு நன்றாகத் தெரியும். படத்தைக் காட்டும் பேனலின் கண்ணாடி ஓரத்தில், அதற்குச் சிக்னல் கொண்டுவரும் மெல்லிய ரிப்பன் கேபிளைச் சாலிடர் வைத்துப் பிடிப்பதில்லை. மின்சாரம் கடத்தும் நுண்துகள்கள் கலந்த பசைப் படலத்தை நடுவில் வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டுகிறார்கள். ஒட்டு சரியாகப் பிடிக்காத இடத்தில், சூட்டில் கண்ணாடியும் கேபிளும் வேறு வேறு அளவில் விரியும்போது தொடர்பு விட்டுப்போகும். ஒரு வரிசைக்கான தொடர்பு போனால் ஒரு கோடு. அப்படிப்பட்ட குறையை, பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த குளிர்ந்த டேப்லெட்டில் ஐந்து நிமிடம் தேடினால் எப்படிக் கிடைக்கும்? காய்ச்சல் இறங்கிய நேரமாகப் பார்த்துத் தெர்மாமீட்டர் வைத்த கதைதான்.

கோடு தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். படத்தில் கோடு இல்லை. ஸ்கிரீன்ஷாட் என்பது பேனலுக்குப் போவதற்கு முன்னால் உள்ளே உருவாகும் படம். அதில் இல்லாத கோடு கண்ணுக்குத் தெரிகிறது என்றால் கோளாறு அதற்குப் பிறகுதான் இருக்க வேண்டும். மட்டமான சார்ஜராலும் இப்படித் தானாக ஆகும் பேய் டச் வரும் என்பதால் சார்ஜரைக் கழற்றியும் பார்த்தேன். மேலே ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடியையும் உரித்துவிட்டுப் பார்த்தேன். இத்தனையும் எழுதி அனுப்பியதற்கு உங்கள் பதில், "ஃபேக்டரி ரீசெட் செய்து பாருங்கள்." செய்தேன். படங்கள், குறிப்புகள் எல்லாவற்றையும் வேறு இடத்தில் எடுத்து வைத்து, அழித்து, திரும்ப ஏற்றி. கோடு அப்படியே இருந்தது.

தொலைபேசியில் பேசியவர், "ஒன்றிரண்டு புள்ளிகள் வாரண்டியில் வராது" என்றார். நான் சொன்னது கோட்டை. திரையில் பழுதான புள்ளிகளுக்கு, அதாவது பிக்சல்களுக்கு, ஒரு தரநிலை இருப்பது உண்மைதான். ஐஎஸ்ஓ 9241-307-இன் இரண்டாம் வகுப்பில், பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரியும் புள்ளி இரண்டு, எப்போதும் அணைந்திருக்கும் புள்ளி இரண்டு வரை பொறுத்துக்கொள்ளலாம். என் திரை 1920-க்கு 1200. அந்த ஒரு கோட்டில் மட்டும் 1200 பிக்சல்.

அப்புறம் அந்தக் கேள்வி: "கீழே போட்டீர்களா?" ஒரு முறை கேட்டால் சரி. நான்கு பேர் நான்கு முறை கேட்டார்கள். அடிபட்ட கண்ணாடியில் அடி விழுந்த இடம் இருக்கும், அங்கிருந்து விரிசல் கிளம்பும். தண்ணீர் போயிருந்தால் உள்ளே நீங்களே ஒட்டி வைத்திருக்கும் வெள்ளைத் துண்டு சிவந்திருக்கும். இரண்டும் இல்லை என்பதைத் திறந்து பார்த்தவரே சொல்லிவிடலாம். நான் போடவில்லை என்று எதைக் காட்டி நிரூபிப்பது?

கண்ணாடி, டச், பேனல் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி வருவதால் மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும், அது உங்களுக்குச் செலவு என்பது புரிகிறது. ஆனால் மூன்று முறை கூரியரில் போய்வந்ததும் செலவுதானே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. "குறை இல்லை" என்று எழுதும்போது, என்ன சோதனை செய்தீர்கள், எத்தனை நிமிடம் ஓடவிட்டீர்கள், வாடிக்கையாளர் சொன்ன நிலையில் வைத்துப் பார்த்தீர்களா என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். திரை மட்டும் மாறும்போது தகவல்களை ஏன் அழிக்கச் சொல்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. புதிதாகப் போட்ட திரைக்கு வாரண்டி எத்தனை நாள்? பழைய வாரண்டியில் மிச்சம் இருப்பது மட்டும்தானா, தனியாக உண்டா? மூன்றாவது தாளில் அது இல்லை. எழுத்தில் அனுப்பினால் பெட்டிக்குள் பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
மூன்று முறை பார்சல் கட்டிய வாடிக்கையாளர்