செயலாளர் ஆண்டறிக்கை: வங்காநரி எங்கெங்கே இருக்கிறது?

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மரக்கன்று நடுதல், ஏரிக்கரையில் பறவை பார்த்தல், பள்ளிகளில் பேசுதல் எல்லாம் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சேலம் மாவட்டம் வாழப்பாடி, ஆத்தூர் வட்டாரத்தில் வங்காநரி என்ற சிறிய நரி எங்கெங்கே தங்குகிறது என்று தேடியதுதான் இந்த ஆண்டின் பெரிய வேலை.

வரைபடத்தைக் கட்டம் போட்டு, கரடு, புறம்போக்கு, மானாவாரிக் காடு என்று நடந்தோம். வளை, எச்சம், நேரில் பார்த்தது, பிறர் சொன்னது நான்கையும் தனித்தனியாகக் குறித்தோம். ஒரு கரட்டடியில் இருந்த வளைக்கு வாய் பல. ஒன்றில் மட்டும் மண் புதிதாகப் பறித்துக் கிடந்தது. பக்கத்தில் கிடந்த எச்சத்தை உடைத்தால் வண்டின் மேலோடும் இலந்தைக் கொட்டையும். பெரிய நரியோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, 'பூனையைவிடக் கொஞ்சம் பெரிசா, நாய் அளவா?' என்று பார்த்தவர்களிடம் கேட்கச் சொல்லியிருந்தோம்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பொங்கலை ஒட்டி வங்காநரியை வலை போட்டுப் பிடித்து, கோயிலைச் சுற்றி ஓடவிடும் வழக்கம் இங்கே உண்டு. அதன் முகத்தில் முழித்தால் ஊருக்கு நல்லது என்பது நம்பிக்கை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், அபராதமும் போடுகிறார்கள். அதனால் நோட்டும் கையுமாகப் போனால் ஒரே பதில்: "நரியா? இந்தப் பக்கமே கிடையாதுங்க." மாசியில் மறுபடி போய், நோட்டை எடுக்காமல் ஆட்டுப்பட்டி போடுகிறவர்களிடம் உட்கார்ந்து பேசினோம். அப்புறம்தான் அதே ஊர்களில் குட்டியோடு பார்த்த கதைகள் வந்தன. ஆகவே, பேச்சை மட்டும் நம்பி 'இல்லை' என்று குறித்த கட்டங்களை அழித்துவிட்டோம். நடந்தும் தடயம் கிடைக்காத கட்டம், நடக்காத கட்டம் இரண்டுக்கும் இப்போது வேறு வேறு நிறம்.

மலைச்சரிவின் அடர்காட்டில் எதிர்பார்த்தபடியே ஒன்றும் இல்லை. தடயங்கள் பெரும்பாலும் மேய்ச்சல் புறம்போக்கிலும் தரிசிலும்தான். தரிசு என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் நிலம்தான் அதற்கு வீடு. மனைப்பிரிவுக் கல் நடுவதும் அங்கேதான்.

தெருநாய்களிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற நாய் வைரஸ் நோயும் தொற்றும் ஆபத்து இருப்பதால், ஓரக் கிராமங்களில் நாய்த் தடுப்பூசி முகாம் கேட்டுக் கால்நடைத் துறைக்கு மனு கொடுக்க ஒப்புதல் வேண்டுகிறேன். இன்னொன்று: வளையைப் படமெடுத்து இடத்தோடு வாட்ஸ்அப்பில் போடும் உறுப்பினர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். வலைக்காரர்களும் அதே குழுக்களில் இருக்கிறார்கள்.