மீன் வியாபாரி மகள்

பாம்பன்,
மே 10

அன்புள்ள சகாயமேரி,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். கிறிஸ்துமஸுக்கு நீ போட்ட கடிதத்துக்கு மே மாதம் பதில் எழுதுகிறேன், நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். தடைக்காலம் என்பதால் அண்ணன் விசைப்படகைக் கரையேற்றி மராமத்து பார்க்கிறான். பொழுது சாய்ந்தால் வீட்டில்தான். சண்டையும் தினம் நடக்கிறது.

அண்ணன் மகள், நம் வாயாடி, பிளஸ் டூ முடித்துவிட்டு, பைலட் ஆகப் போகிறேன் என்று நிற்கிறாள். உச்சிப்புளி பருந்து கடற்படை விமானத் தளத்து ஹெலிகாப்டர் மேலே போனால் சோற்றுத் தட்டோடு வெளியே ஓடுவாளே, அந்த ஆசை இன்னும் ஓயவில்லை. அண்ணனுக்கு ஒரே பேச்சு: "தண்ணிக்குக் குடுத்தது போதும், காத்துக்கும் குடுக்கணுமா?" அதற்கு மேல் எங்களால் வாயைத் திறக்க முடியவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்காகப் பேச எனக்கு ஏதாவது வேண்டியிருந்தது. தேடிப் படிக்கப் போய் எமி ஜான்சனிடம் வந்து நின்றேன். பத்து நாளாக வேறு நினைப்பே இல்லை.

மீன் வியாபாரி மகளடி அவள்! இங்கிலாந்தில் ஹல் துறைமுகத்தில் 1903இல் பிறந்தவள். லண்டனில் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே விமானம் ஓட்டக் கற்றாள். ஓட்டினால் மட்டும் போதாது என்று எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் கற்றுக்கொண்டு, 1929இல் விமான மெக்கானிக் லைசென்ஸும் வாங்கினாள். அந்த நாட்டிலேயே அதை வாங்கிய முதல் பெண். அடுத்த வருஷம் மே 5ஆம் தேதி ஒரு பழைய ஜிப்ஸி மாத் விமானத்தில் தனியாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிட்டாள். அதற்கு முன் அவள் தனியாகப் போன அதிகத் தூரமே லண்டனிலிருந்து ஹல்தான். உட்காரும் இடத்துக்கு மேல்மூடி கிடையாது, காற்றும் மழையும் நேரே முகத்தில். விமானத்துக்கு வைத்த பெயர் ஜேசன். அது அவள் அப்பாவின் மீன் வியாபாரத்து மார்க்! நம் ஐஸ் பெட்டிகளில் பெயிண்டால் எழுதுவோமே, அதுபோல. அதைப் படித்ததும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டுத்தான் மேலே படித்தேன்.

கராச்சி, ஜான்சி, கல்கத்தா என்று வந்து, ரங்கூன் பக்கம் இறங்கும்போது விமானம் பள்ளத்தில் விழுந்து இறக்கை கிழிந்தது. பழைய போர்விமானத் துணியில் தைத்த சட்டைகளைக் கிழித்து ஒட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இருபதாம் நாள் டார்வின் போய்ச் சேர்ந்தாள்.

அப்புறம் கல்யாணம், விவாகரத்து. அதை விடு.

யுத்தம் வந்ததும், 1940இல், தொழிற்சாலை விமானங்களை விமானப்படைத் தளங்களுக்குக் கொண்டுபோய் விடுகிற துணைப்படையில் சேர்ந்தாள். ஆயுதம் கிடையாது, வயர்லெஸ் கிடையாது. கீழே ஆற்றையும் ரயில் பாதையையும் அடையாளம் பார்த்துத்தான் போக வேண்டும், மேகம் மூடினால் கரை தெரியாத வள்ளம்தான். ஊர் உலகம் கொண்டாடியவளுக்கும் ஆண்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவான சம்பளம். 1943இல்தான் சமமாக்கினார்கள். அதைப் பார்க்க அவள் இல்லை.

1941 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. முந்தின ராத்திரி பிளாக்பூலில் தங்கை வீட்டில் தங்கியிருந்தாள். மோசமான வானிலையில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துத் தளத்துக்குக் கிளம்பினாள். ஒன்று ஒன்றரை மணி நேரப் பயணம். வழி தப்பி, கிட்டத்தட்ட நாலு மணி நேரம் கழித்து, தேம்ஸ் நதி கடலில் சேருகிற இடத்தில் பாராஷூட்டில் இறங்கினாள். கடற்படைக் கப்பல் ஒன்று பார்த்துவிட்டது. கப்பல் தலைவர் வால்டர் ஃபிளெட்சர் அந்த உறைகிற தண்ணீரில் தானே குதித்தார். குளிரில் விறைத்து அவரும் போய்விட்டார். அவளுடைய பை கிடைத்தது, பறந்த கணக்கு எழுதும் நோட்டு கிடைத்தது. அவள் கிடைக்கவில்லை. வயது 37.

நேற்று ராத்திரி இதை வாயாடிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் வாசலில் கட்டிலில் படுத்திருந்தான். அம்மா நெத்திலிக் கருவாட்டில் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். கை நின்றுவிட்டது.

"அந்தப் பையை அவுங்க அம்மாகிட்ட குடுத்தாங்களா?"

நான் பேசவில்லை. அம்மா எழுந்துபோய்ப் பரணிலிருந்து அப்பாவின் தூக்குவாளியை இறக்கினாள். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு வடகடல் கரைக்குப் போவாளே, அன்றைக்குக்கூட எங்களைத் தொட விடாத வாளி. முந்தானையால் துடைத்தாள். மூடி ஓரத்தில் உப்பு பூத்து இறுகியிருந்தது, நகத்தால் சுரண்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "மிதக்குற சட்டை போட்டுக்கிட்டுத்தான ஓட்டுவீக?" என்று பேத்தியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆமா அப்பத்தா."

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இனி காரியம். உன் கொழுந்தன் கூட்டாளி ஒருவர் விமானப் பயிற்சிப் பள்ளியில் இருப்பதாக முன்பு எழுதியிருந்தாய். 200 மணி நேரம் பறந்தால்தான் கமர்ஷியல் லைசென்ஸ், அதற்கு லட்சக்கணக்கில் செலவு. கடற்படை வழி என்றால் இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் போகலாம். 2019இல் அங்கே முதல் பெண் பைலட் வந்துவிட்டாள். எது நமக்குத் தோதுப்படும், கண் பரிசோதனை எங்கே செய்வது என்று விசாரித்து எழுது. பிசிக்ஸ், கணக்கு இரண்டும் படித்திருக்கிறாள் என்று சொல். பதிலை என் பெயருக்கே போடு, அண்ணன் பெயருக்கு வேண்டாம்.

அன்புடன்,
ஜெசிந்தா