ஸ்டியரிங் கியரைத் தரைக்கு இறக்குவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் புதுப்பித்து ஓட்டுபவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அம்பாசிடரையும் பிரீமியர் பத்மினியையும் தேடிப் பிடித்து, டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து, மீண்டும் சாலைக்குக் கொண்டுவரும் இளைஞர்கள் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், ஸ்டியரிங் தண்டோடு இணைந்த கியர் கைப்பிடியை (ஸ்டியரிங் கியர்) எடுத்துவிட்டு, தரையிலிருந்து எழும் கைப்பிடியை (தரை கியர்) பொருத்திக்கொள்வதைச் சீட் உறை மாற்றுவது போன்ற ஒரு சில்லறை வேலையாகவும், அப்படிச் செய்தால்தான் வண்டி பாதுகாப்பாக இருக்கும் என்றும் அக்கட்டுரை கூறியிருந்தது. கோவையில் ஓட்டுநர் பயிற்சி அளித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தக் கருத்தோடு என்னால் உடன்பட முடியவில்லை.

ஸ்டியரிங் கியர் மீது சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை உண்மையில் தேய்ந்துபோன புஷ்களின், அதாவது இணைப்புப் பின்களைச் சுற்றியிருக்கும் சிறு வளையங்களின் குறைகள். 'கியர் விழவில்லை', 'இரண்டாவதுக்குப் போட்டால் வேறு எங்கோ போகிறது', 'சிக்னலில் சிக்கிக்கொண்டது' என்று சொல்லிக்கொண்டு வருபவர்களின் வண்டியில் பானெட்டைத் திறந்து, ஸ்டியரிங் தண்டின் அடிப்பகுதியை டார்ச் அடித்துப் பார்த்தால் காரணம் அங்கேயே தெரியும். கைப்பிடியிலிருந்து தண்டை ஒட்டியே ஒரு நீண்ட குழாய் கீழே இறங்குகிறது. அது தன்னைச் சுற்றித் திரும்பவும் செய்யும், சற்று மேலும் கீழும் நகரவும் செய்யும். இந்த இரண்டு அசைவுகளையும் அடியில் உள்ள சிறு நெம்புகோல் கைகள் வாங்கி, கம்பிகள் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கொண்டுசெல்கின்றன. ஓர் அசைவு எந்த ஜோடிக் கியர் என்பதைத் தேர்ந்தெடுக்கும், மற்றது அந்த ஜோடியில் ஒன்றுக்குள் தள்ளும். கம்பி சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பின்னும் ஒரு புஷ்ஷும் இருக்கின்றன. ஒவ்வொரு புஷ்ஷிலும் நூலளவு ஆட்டம் ஏற்பட்டாலே போதும், அவையெல்லாம் சேர்ந்து கைப்பிடியின் நுனியில் ஓர் அங்குலத்துக்கும் மேலான ஆட்டமாக வந்து நிற்கும். அந்த நிலையில் ஓட்டுநர் சரியாகத்தான் கியர் போடுகிறார். கியர் பாக்ஸுக்குத்தான் சரியான செய்தி போய்ச் சேருவதில்லை.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் பலமும் பலவீனமும் விளங்கும். அமெரிக்கக் கார் நிறுவனங்கள் 1938, 1939 ஆண்டுகளில் கியர் கம்பியைத் தரையிலிருந்து எடுத்து ஸ்டியரிங்கோடு சேர்த்தன. முன்னால் ஒரே நீளமான பெஞ்ச் சீட்டைப் போட்டு மூவரை உட்கார வைப்பதற்காகவே இந்த ஏற்பாடு. பெரிய எஞ்சின் கொண்ட அந்த வண்டிகளுக்கு முன்னோக்கிச் செல்ல மூன்று கியரே போதுமாக இருந்ததால், இணைப்புக் கம்பிகளும் எளிமையாக இருந்தன. போருக்குப் பின் பிரிட்டிஷ், இத்தாலிய நிறுவனங்கள் இதே முறையைச் சிறிய எஞ்சின் கொண்ட தங்கள் கார்களுக்கும் கொண்டுவந்தபோது நான்கு கியர் தேவைப்பட்டது. ரிவர்ஸையும் சேர்த்தால் கைப்பிடி நகர வேண்டிய தளங்கள், அதாவது ஒவ்வொரு ஜோடிக் கியருக்கும் உரிய தனி வழிகள், இரண்டிலிருந்து மூன்றாயின. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, 1957-இல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாராகத் தொடங்கி, பின்னர் 1489 சிசி எஞ்சின் பெற்ற அம்பாசிடரும், ஃபியட் 1100-இன் வழிவந்த 1089 சிசி பத்மினியும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை. ஆகவே, இவற்றின் கியர் இணைப்பு சற்றுச் சிக்கலானது என்பதும், ஒழுங்காகக் கிரீஸ் வைத்துப் பராமரிக்க வேண்டியது என்பதும் உண்மைதான். அதற்காக அதை ஓட்ட முடியாதது என்று சொல்லிவிட முடியாது. மும்பையில் 2023 அக்டோபரோடு ஓட்டத்தை முடித்துக்கொண்ட பத்மினி டாக்ஸிகளில் பெரும்பாலானவை இந்தக் கியரோடுதான் அந்த நகர நெரிசலில் பல பத்தாண்டுகள் இரவும் பகலும் உழைத்தன.

தன் வண்டியின் கியர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை உரிமையாளரே சோதித்துப் பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, ஒருவர் கைப்பிடியை நியூட்ரலில் மெதுவாக மேலும் கீழும் ஆட்ட, மற்றொருவர் பானெட்டுக்குள் குனிந்து கீழே உள்ள கைகளைப் பார்க்க வேண்டும். மேலே கை அசைந்தும் கீழே கம்பி அசையாமல் இருக்கும் தூரம்தான் ஆட்டம். எந்தப் பின்னில் அது தொடங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும். விரலை வைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அந்தப் புஷ்ஷைக் கழற்றி மாதிரிக்குக் கொடுத்தால் லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து தருவார்கள். கோவையில் இதற்குப் பட்டறை தேட வேண்டியதே இல்லை. சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையில் பழைய லிங்கேஜ்களை (கியர் இணைப்புக் கம்பிகளின் தொகுதி) தேடிப் பார்க்கலாம். பின், புஷ் ஆகியவற்றை மாற்றி, கம்பியின் நீளத்தைச் சரிசெய்து, கிரீஸ் வைத்து முடிக்க ஆகும் செலவு, கியர் பாக்ஸையே மாற்ற ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான். இந்த வேலையைச் செய்யாமலே 'இது பழைய மாடல், இப்படித்தான் இருக்கும்' என்று சொல்லி அனுப்பும் மெக்கானிக்குகள்தான் தரை கியர் மோகத்துக்குப் பாதிக் காரணம் என்பேன்.

கியர் நடுச்சாலையில் சிக்கிக்கொள்வதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேய்ந்த லிங்கேஜில், ஒரு கியரை விட்டு முழுமையாக வெளியே வராமலே அவசரமாக அடுத்த ஜோடிக்குத் தாவும்போது, கீழே உள்ள கைகள் ஒன்றோடொன்று நேராக நிற்காமல் பூட்டிக்கொள்கின்றன. அப்போது கைப்பிடியை வலுவாக இழுப்பதால் பயனில்லை. கம்பி வளைவதுதான் மிச்சம். எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து அந்தக் கைகளை விரலால் நேராக்கினால் 'டக்'கென்று விடுபட்டு நியூட்ரலுக்கு வரும். கல் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அதுவரை வண்டியைப் பிடித்திருப்பது அந்தக் கியர்தான், அது விடுபட்ட கணத்தில் சரிவில் நிற்கும் வண்டி நகரத் தொடங்கும். பழைய ஓட்டுநர்கள் அனைவருக்கும் இது கைவந்த வேலை. ஆனால், ஒருமுறை சிக்கிய கியரை விடுவித்துவிட்டு அப்படியே மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பதைத் திறமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஓட்டும் முறையைப் பார்ப்போம். நான்கு கியர் வண்டிகளின் வழக்கமான அமைப்பில், கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்து மேலே தூக்கினால் முதல் கியர், அதே தளத்தில் கீழே இறக்கினால் இரண்டாவது. பிடியைத் தளர்த்தி அப்பால் போகவிட்டு மேலே தூக்கினால் மூன்றாவது, கீழே இறக்கினால் நான்காவதான டாப். ரிவர்ஸுக்கு வண்டிக்கு வண்டி தனி வழி உண்டு. மற்ற கியர்களின் வரிசையும் வேறுபடலாம் என்பதால், புதிதாக ஒரு வண்டியில் உட்காருபவர் எஞ்சினை ஓட்டாமலே கிளட்சை மிதித்து எல்லாக் கியரையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. தரை கியர் பழகியவர்கள் செய்யும் முதல் தவறு, கைப்பிடியை முஷ்டியால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுப்பது. இந்தக் கைப்பிடிக்கு மூன்று விரலும் உள்ளங்கையும் போதும். முதலில் நியூட்ரலுக்கு வர வேண்டும், அங்கே ஒரு நொடி நிற்க வேண்டும், பிறகுதான் தளம் மாற வேண்டும். மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது அந்த ஒரு நொடியைப் பற்றித்தான்.

அடுத்தது முதல் கியர். அம்பாசிடரின் பழைய நான்கு கியர் பெட்டியிலும் பத்மினியிலும் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய கியர்களுக்குத்தான் சிங்க்ரோமெஷ் (பற்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சத்தமின்றிச் சேர்க்கும் அமைப்பு) உண்டு. முதல் கியருக்குக் கிடையாது. வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது முதல் கியரை நேரடியாகப் போட்டால் பற்கள் கரகரவென்று கத்தும். நின்றபின் போட வேண்டும், அல்லது டபுள் கிளட்ச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். அதாவது, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்தி, மீண்டும் மிதித்து முதல் கியருக்குச் செல்ல வேண்டும். இது கியர் பெட்டியின் இயல்பு; கைப்பிடி ஸ்டியரிங்கில் இருப்பதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதே பெட்டியை வைத்துக்கொண்டு கைப்பிடியை மட்டும் தரைக்கு இறக்கினாலும் அதே சத்தம்தான் வரும்.

லிங்கேஜின் நிலையும் ஓட்டும் முறையும் எவ்வளவு முக்கியம் என்பது மலைப்பாதையில் முழுதாகப் புலப்படும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, கொண்டை ஊசி வளைவின் நடுவில் கியரைத் தேடுபவர் தடுமாறுவார். ஏனென்றால், பவர் ஸ்டியரிங் இல்லாத அந்தச் சக்கரத்தைத் திருப்பவே இரண்டு கைகளும் வேண்டும். வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு இறங்கிவிட்டால் வண்டி தானாகவே ஏறிவிடும். இறங்கும்போது இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். இவ்வண்டிகளின் நான்கு சக்கரங்களிலும் இருப்பவை டிரம் பிரேக்குகள். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய விதி இங்கே அப்படியே பொருந்தும். பெட்ரோலை மிச்சப்படுத்துகிறேன் என்று நியூட்ரலில் விட்டுவிட்டு, வேகம் கூடிய பின் பதறிப்போய்க் கியரைத் தேடுவது தற்கொலைக்குச் சமம். அந்த நேரத்தில் ஆட்டம் கண்ட லிங்கேஜ் கைகொடுக்காது. கியர் இணைப்பைப் பிரேக்கின் ஒரு பகுதியாகவே கருதிப் பராமரிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தரை கியர் பொறியியல் முறையில் மேலானது என்பதை நான் மறுக்கவில்லை. கைப்பிடிக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே தூரம் குறைவு, தேயும் இணைப்புகளும் குறைவு. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ஐ ஓட்டியவர்கள் மீண்டும் பத்மினியில் ஏறியபோது முகம் சுளித்தது இயல்பே. அம்பாசிடரிலும் 1990-களில் இசுசு 1800 சிசி எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தபோது கியர் தரைக்கு இறங்கியது. பெஞ்ச் சீட்டில் முன்னால் மூவர் உட்காரும் வசதியைக் காரணம் காட்டியும் நான் வாதாட வரவில்லை. சீட் பெல்ட் இல்லாமல் நடுவில் ஒருவரை உட்கார வைப்பதை இன்று யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. ஆனால், தொழிற்சாலையில் தரை கியருக்கென்றே வடிவமைத்துச் செய்வது வேறு. ஐம்பது ஆண்டு வயதான வண்டியின் தரையைக் காஸ் கட்டர் வைத்து வெட்டி, வேறொரு வண்டியின் கியர் பாக்ஸைத் தொங்கவிட்டு, பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டை அறுத்துச் சுருக்கி வெல்டிங் வைப்பது வேறு.

அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. பாடியே சேஸிஸாகவும் இருக்கும் அமைப்பு அவற்றுடையது. தரையின் நடுவில் மேடாகச் செல்லும் பகுதி வண்டியின் விறைப்பைத் தாங்கும் உறுப்புகளில் ஒன்று. அதை வெட்டிவிட்டு மெல்லிய தகட்டை ஒட்டவைத்தால், சில ஆண்டுகளில் அந்த ஓரங்களில் துருவும் விரிசலும் காணலாம். பாதுகாப்புக்காகச் செய்ததாகச் சொல்லப்படும் மாற்றம் வண்டியின் முதுகெலும்பிலேயே கை வைக்கிறது என்பதை அக்கட்டுரை குறிப்பிடவே இல்லை.

சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த சொந்த உபயோக வாகனங்களை 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட எண்ணோடு பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. 1970-களின் தொடக்கத்தில் பதிவான வண்டிகள் இப்போதே அந்த வயதை எட்டிவிட்டன. அப்படிப் பதிவான வாகனத்தை அன்றாட உபயோகத்துக்கு எடுக்க முடியாது என்பதால் எல்லோரும் அதை விரும்ப மாட்டார்கள். விரும்புகிறவர்கள், வெட்டப்பட்ட தரையைக் காட்டி மூல வடிவம் என்று எப்படி வாதிடப் போகிறார்கள்?

இளைஞர்களுக்கு இந்தக் கியர் பழக்கமில்லை என்பது உண்மையான சிக்கல். பயிற்சிப் பள்ளிகளில் இப்போது இந்த வண்டிகள் இல்லாததால் கற்றுக்கொள்ள இடமும் இல்லை. பழைய கார் ஆர்வலர்கள் நடத்தும் கண்காட்சிகளிலும் ஊர்வலங்களிலும் வண்டியைத் துடைத்து நிறுத்திப் படம் எடுப்பதோடு நின்றுவிடாமல், ஏதேனும் ஒரு காலியான மைதானத்தில் ஒரு காலை வேளையை இதற்கென ஒதுக்கி, அனுபவமுள்ள டாக்ஸி ஓட்டுநர்களைக் கொண்டு கற்றுக்கொடுக்கலாம். தரை கியரில் நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவருக்கு அது பெரிய பாடமே அல்ல.

ஏற்கெனவே தரை கியருக்கு மாற்றிவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழற்றிய கைப்பிடி, குழாய், கைகள், கம்பிகள் ஆகியவற்றைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இடது வலது மாறாமல் சீட்டு கட்டி, கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி வைத்திருங்கள். உங்களுக்கே வேண்டாமென்றால், புஷ் கடைவதற்கு மாதிரிகூடக் கிடைக்காமல் அலைந்துகொண்டிருக்கும் மற்றொரு உரிமையாளருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.