வளவு டூர் கணக்கு

செங்கோட்டை

அன்பு மகள் கோமதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். சென்னையில் உங்கள் அடுக்குமாடியில் பன்னிரண்டு வீட்டார் சேர்ந்து சித்திரை லீவுக்குத் திருவனந்தபுரம், கன்னியாகுமரி போக நினைக்கிறீர்கள், ஏஜெண்ட் கொடுத்த நோட்டீஸில் இரண்டே நாளில் பதினோரு இடம் போட்டிருக்கிறது என்று சொன்னாய். ஒரே வாசலுக்குள் பதினாலு வீடாகக் குடியிருந்த நம்ம வளவில் வருஷா வருஷம் டூரை எப்படி நடத்தினார்கள் என்றும் கேட்டாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். எழுதியே அனுப்புகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

பதினோரு இடம் என்பதை முதலில் அடித்துவிடு. ஐம்பது பேர் பஸ்ஸை விட்டு இறங்கி, பிள்ளைகளைக் கையில் பிடித்து ஒன்றுசேர இருபது நிமிஷம் ஆகும். திரும்ப ஏற இன்னொரு இருபது. பதினோரு இடத்துக்கு ஏறி இறங்கவே ஏழு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். ஒரு நாளைக்கு மூன்று, மிஞ்சினால் நாலு இடம் போதும். மூன்று பகல், இரண்டு ராத்திரி. நம்ம வளவு டூர் கடைசிவரைக்கும் அந்த அளவைத் தாண்டவில்லை.

வளவு இருந்த இடத்தில் இப்போது வரிசையாகக் கடைகள். உன் பிள்ளைகளுக்கு வளவு என்றால் என்னவென்றே தெரியாது, அதனால் சொல்கிறேன். தெருவில் ஒரே வாசல், உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் ஏழேழு வீடு, எதிரும் புதிருமாக. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு திண்ணை, பட்டாசல் என்கிற ஒரு கூடம், அடுக்களை, பின்னால் புறவாசல். மேலே ஓடு. நடுவில் பொதுக் கிணறு, அதையொட்டித் துவைகல். கிணற்றுக் கயிறு வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டும். சாரல் மாசங்களில் தேங்காய் நார்க் கயிறு காயவே காயாமல் உள்ளுக்குள் இற்றுப்போகும். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், ஒரு நாள் வாளியோடு அறுந்து விழும். கயிறு வாங்குவதும் கப்பிக்கு எண்ணெய் விடுவதும் மாசத்துக்கு ஒரு வீடு என்று முறை. சித்திரையில் தண்ணீர் அடிக்குப் போனதும் தூர் வாருவார்கள். வளவுக்குச் சொந்தக்காரர்கள் பாகம் பிரித்தபோது எல்லாம் போயிற்று.

டூரும் கிணற்று முறை மாதிரியேதான் நடந்தது. டூர் சீட்டு என்று தனி நோட்டு ஒன்று உண்டு. வைகாசியில் தொடங்கிப் பத்து மாசம் வீட்டுக்கு வீடு ஒரே தொகை, பங்குனியில் கணக்கு முடிப்பு. நீயும் பணத்தை ஒரே தடவையாகக் கேட்காதே. ஒரே தடவை கேட்டால் இரண்டு வீடு கடைசி வாரத்தில் விலகும், அந்தச் சுமை மற்ற பத்து வீட்டின் மேல் ஏறும், வாய்ச்சண்டை வரும். மாசாமாசம் கட்டியவர்கள் விலக மாட்டார்கள். இந்த வருஷம் உனக்கு நாலு மாசம்தான் இருக்கிறது, நாலாகப் பிரித்துக்கொள். பன்னிரண்டு வயசுக்கு மேல் முழுப் பங்கு, ஐந்திலிருந்து பன்னிரண்டு அரைப் பங்கு, மடிக்குழந்தைக்கு இல்லை. ஆனால் மடிக்குழந்தை போகும்போதுதான் மடியில் இருக்கும், வரும்போது சீட்டில் நீட்டிப் படுத்துவிடும். அதற்காக இரண்டு சீட்டு காலியாக விடு. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை யாரும் தொடாத பணமாக ஒதுக்கி வை. நம்ம வளவில் மிச்சப்பட்ட அந்தப் பணத்தில்தான் கிணறு தூர் வாரியது.

தேதி குறிப்பது சுலபம். சித்ரா பௌர்ணமி சாயங்காலம் கன்னியாகுமரியில் இருக்க வேண்டும், மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலா எழும்பும். பரீட்சை முடிந்திருக்கும், மழை தொடங்கியிருக்காது. அதைத் தாண்டி ஆனி ஆடிக்குத் தள்ளினால் கேரளத்தில் மழை கொட்டும், எங்கேயும் இறங்க முடியாது. கார்த்திகை மார்கழி என்றால் ஐயப்ப சீசன், வழியில் இருக்கிற ஆரியங்காவு ஐயப்பன் கோயிலில் நிற்க இடம் கிடைக்காது. பௌர்ணமியை இரண்டாம் நாளாக வைத்துப் பின்னோக்கி எண்ணு. திங்கட்கிழமை எங்கே விழுகிறது என்று பார். திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. முதல் நாள் திங்கள் என்றால் மிருகக்காட்சி சாலைக்குப் பதில் சங்குமுகம் கடற்கரை. இரண்டாம் நாள் திங்கள் என்றால் அரண்மனைக்குப் பதில் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள். திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயில் மாதிரி அங்கேயும் மூன்று வாசல் வழியாகத்தான் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்ப்பது. இதைப் பார்க்காமல் போய்ப் பூட்டின கதவு முன்னால் பஸ்ஸை நிறுத்துகிற டூர்கள் நிறைய.

பஸ்ஸை சென்னையில் பேசாதே. பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து செங்கோட்டையில் இறங்குங்கள், பஸ்ஸைத் தென்காசியில் பேசலாம். பஸ்காரர்கள் கிலோமீட்டரை ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கு எண்ணுவார்கள், சென்னை ஷெட் என்றால் வெறும் ரோட்டுக்கே பாதிப் பணம். ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் என்று ஒன்று இருக்கும், அதற்குள் ஓடினாலும் முழுசாக வாங்குவார்கள். டிரைவர் படி, கிளீனர் படி, டோல், பார்க்கிங் இதெல்லாம் வாடகைக்குள்ளா வெளியேயா என்று எழுதி வாங்கு. புறப்படும்போதும் திரும்பியதும் மீட்டரை இரண்டு பேர் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன்னால் பெர்மிட்டைக் கேள். ஆல் இந்தியா டூரிஸ்ட் பெர்மிட்டா, தமிழ்நாட்டுக்கு மட்டுமா? தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் கேரள வரியை யார் கட்டுவது என்பதை அங்கேயே முடித்துவிடு. எல்லையில் இருக்கிற புளியரை தாண்டிப் போய் பேசினால் நியாயம் கிடைக்காது, ஐம்பது பேர் ரோட்டில் நிற்பார்கள். பயணிகள் பட்டியல் மூன்று நகல், பெயரும் வயசும்.

அந்தப் பட்டியலை வீட்டு வாரியாக எழுது. நம்ம வளவு டூரில் யாரும் காணாமல் போகாததற்குக் காரணம் இதுதான். ஐம்பத்திரண்டு தலையை ஒருத்தர் எண்ண மாட்டார். ‘ஒண்ணாம் வீடு?’ என்று கூப்பிட்டால் அந்த வீட்டுப் பெரியவர் ‘நாலு, சரி’ என்பார். பதினாலு குரலில் எண்ணிக்கை முடிந்தது. தலையை எண்ணினால் ஒரு பிள்ளை சீட்டுக்கடியில் குனிந்தாலே கணக்கு தப்பும். உங்களுக்குக் கதவு எண் இருக்கிறது, அதையே கூப்பிடு.

உட்காருவதற்கும் முறை உண்டு. பின் சக்கரத்துக்கு மேலும் அதற்குப் பின்னாலும் தூக்கிப் போடும், அங்கே இளவட்டங்கள். வயசானவர்கள், முழுகாமல் இருப்பவர்கள் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில். குமட்டல் வருகிறவர்கள் முன்னால். புளியரை தாண்டினதும் எஸ் வளைவு, அங்கேதான் முதலில் ஆரம்பிக்கும். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. புறப்படும் முன் இரண்டு இட்லி, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். எலுமிச்சம்பழம் கையில், கண் தூர ரோட்டில். போனைப் பார்த்தால் நிச்சயம் வாந்திதான்.

காலை நாலரைக்குப் புறப்படு, விடியும்போது மலையில் இருப்பாய். ஆரியங்காவில் கோயில் ரோட்டுக்குக் கீழே, படி இறங்கிப் போக வேண்டும். தாண்டிக் கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் ரோட்டிலிருந்தே தெரியும், கருங்கல் கட்டு. 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. மீட்டர் கேஜ் வண்டி மலை ஏறும்போது பின்னால் இன்னொரு என்ஜின் முட்டுக் கொடுத்துத் தள்ளும். 2010-இல் அகலப்பாதைக்காக மூடி, 2018-இல் மறுபடி திறந்தார்கள். பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்டு, பஸ்ஸை விட்டு இறங்காமலே பத்து நிமிஷம் நிறுத்தலாம். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது என்றும் சொல். வளவில் பெரியவர்களுக்கு மலையாளம் தடங்கலில்லாமல் வந்தது அதனால்தான். உங்கள் கூட்டத்தில் மலையாளம் பேசுகிறவர் ஒருவராவது இருக்கட்டும், முன்சீட்டில்.

குளத்துப்புழையில் சாஸ்தா பாலகன். ஆற்றில் மீன்கள் திரண்டு வரும். பொரியும் கடலையும் போடலாம், புளிசாதம் போடக் கூடாது. அச்சன்கோவில் காட்டுப் பாதை, பெரிய பஸ்ஸோடு அங்கே போகாதே, அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். பிறகு பாலோடு, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம். போய்ச் சேரும்போது பத்மநாபசாமி கோயில் நடை சாத்துகிற நேரமாகிவிடும், அவசரப்படாதே. மதியம் மிருகக்காட்சி சாலை மரநிழல், சாயங்காலம் நடை திறந்ததும் சாமி. ஆண்கள் வேட்டி, மேல்சட்டை கிடையாது. பெண்களுக்குச் சேலை. ஒவ்வொரு டூரிலும் தடுக்கி விழுகிற இடம் இது: வேட்டி பெட்டிக்குள், பெட்டி பஸ் கூரையில், கூரைமேல் தார்ப்பாய் கட்டு. கட்டை அவிழ்க்க அரை மணி. வீட்டுக்கு ஒரு துணிப்பையில் வேட்டி சேலையைப் போட்டுக் காலடியில் வைக்கச் சொல். ஓட்டலில் சிவப்புத் தண்ணீர் வைப்பார்கள், பிள்ளைகள் பயப்படும். பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்தது, குடிக்கலாம்.

இரண்டாம் நாள் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம். தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது, பராமரிப்பு கேரள அரசு. ஊட்டுப்புரை என்கிற சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய ஊறுகாய்ப் பரணிகளைப் பார்க்க மறக்காதே. பிறகு சுசீந்திரம், சாயங்காலம் கன்னியாகுமரி. அறையை பௌர்ணமிக்கு இரண்டு மாசம் முன்னால் சொல்லிவிடு, அன்றைக்கு ஊரே நிறைந்திருக்கும். மூன்றாம் நாள் சூரிய உதயம், படகில் விவேகானந்தர் பாறை. காற்று எழும்பினால் படகை நிறுத்திவிடுவார்கள், ஆகையால் முதல் படகுக்கே வரிசையில் நில். அப்புறம் திருச்செந்தூர், ராத்திரி செங்கோட்டை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முதல் நாள் இரண்டு வேளையும் கட்டுச்சோறுதான். கேரளத்து மட்டை அரிசிச் சோறு நம்ம பிள்ளைகளுக்கு இறங்காது. ஐம்பது பேருக்குப் புளிசாதத்துக்கு ஆறு கிலோ அரிசி, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் புளி, நல்லெண்ணெய் ஒன்றேகால் லிட்டர், மிளகாய் வற்றல் 150 கிராம், நிலக்கடலை அரைக் கிலோ, ஒரு கைப்பிடி வெல்லம். உப்பு கால் கிலோவில் தொடங்கி ருசி பார்த்துச் சேர். புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்னாலேயே சென்னையில் செய்து எடுத்து வந்துவிடலாம். எண்ணெய் மேலே மிதந்து நிற்கிற வரைக்கும் காய்ச்ச வேண்டும், தண்ணீர்ப்பசை இருந்தால் கெடும். வெங்காயமும் தேங்காயும் சேராது. கடலையைக் கிளறும்போது போடு, முன்னாலேயே போட்டால் நமத்துவிடும். சோறு இங்கே வடித்துக்கொள்ளலாம். வடித்த சோற்றைச் சுத்தமான வேட்டியில் பரப்பி, எண்ணெய் தெளித்து, கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடு. ஆறாமல் மூடினால் வேர்வைத் தண்ணீர் சொட்டி மதியத்துக்குள் நொந்துவிடும். அவசரக்காரர்கள் கெடுப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

தயிர்சாதம் நாலு கிலோ அரிசிக்கு எட்டு லிட்டர் பால். தயிர் ஒரே ஒரு கரண்டி. விடிகாலையில் பாலில் பிசைந்து உறை குத்தினால் மதியம் சரியாக இருக்கும். தயிரிலேயே பிசைந்தால் மதியத்துக்குள் புளித்துவிடும். அதையும் இரண்டு மணிக்கு மேல் வைக்காதே. வாழை இலையைத் தணலில் வாட்டிக் கட்டு, பச்சை இலை மடிக்கும்போது கிழியும். பிள்ளைகள் கையில் முந்திரிக்கொத்துப் பலகாரம், மூன்று நாளும் தாங்கும். இரண்டாம் நாளிலிருந்து ஓட்டல். கன்னியாகுமரியில் ஐம்பது பேரோடு ஒரே ஓட்டலுக்குள் நுழையாதே, இரண்டாகப் பிரிந்து போங்கள்.

வளவுப் பித்தளை அண்டா இரண்டும் நம்ம வீட்டில்தான் இருக்கிறது, பெரிய சட்டுவமும் ஜாரணியும்கூட. அண்டாவில் ஈயம் தேய்ந்திருக்கிறது. அப்படியே புளி பட்டால் களிம்பு ஏறும். பங்குனிக்குள் ஈயம் பூசக் கொடுத்து வாங்கி வைக்கிறேன். எத்தனை தலை என்று முடிவானதும் எழுது, ஐம்பதைத் தாண்டினால் சின்ன அண்டாவும் சேர்த்துப் பூச வேண்டும்.

அன்புடன்,
அம்மா