செல்விக்கு அம்மா எழுதுவது

மேலூர்
கார்த்திகை 18

அன்புள்ள செல்விக்கு,

இங்கே நலம். போன ஞாயிறு தம்பி வந்தபோது, பிள்ளைகள் எடை பற்றி மீட்டிங்குக்காக நீ செய்து அவனுக்கு அனுப்பிய ஸ்லைடுகளை லேப்டாப்பில் காட்டினான். எனக்கும் அனுப்பியிருக்கலாம். அம்மாவுக்குக் கண் தெரியாது என்று நினைத்திருப்பாய். ஆபரேஷனுக்கு அப்புறம் நன்றாகவே தெரிகிறது. பதினெட்டு ஸ்லைடையும் பார்த்தேன். முதல் பக்கத்தில் உன் பெயர். அப்பா இருந்திருந்தால் டீக்கடை வரைக்கும் தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

நீ கேட்கவில்லைதான், இருந்தாலும் குறையையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வட்டப் படம். பதினொரு துண்டு, அதையும் சாய்த்துத் தடிமன் கொடுத்து கேக் மாதிரி வைத்திருக்கிறாய். சாய்த்தால் முன்னால் இருக்கிற துண்டு பெரிதாகத்தான் தெரியும். எடை குறைந்த பிள்ளைகள் எந்த வட்டாரத்தில் அதிகம் என்று தம்பியைக் கேட்டேன், அவன் ஒன்றைக் காட்டினான், நான் வேறொன்றைக் காட்டினேன். அதோடு ஒவ்வொரு வட்டாரத்துச் சதவீதமும் தனித்தனிக் கணக்கு. கூட்டினால் நூறு வராது. நூறு வராததை எப்படி ஒரே வட்டத்துக்குள் அடைப்பாய்? பட்டைகளைப் படுக்க வைத்து, அதிகமானதை மேலே வைத்து வரிசையாக அடுக்கு. ஊர்ப் பெயரைப் பட்டைக்குப் பக்கத்திலேயே எழுது. எந்தக் கலர் எந்த ஊர் என்று மூலையில் போய்த் தேட வைக்காதே. சிவப்பையும் பச்சையையும் அடுத்தடுத்து வைக்காதே. அந்த இரண்டு கலரும் பிரித்துத் தெரியாமல் பெரிய மாமா பட்ட பாடு உனக்கே தெரியும். மீட்டிங்கில் அவரைப் போல ஒருவராவது உட்கார்ந்திருப்பார்.

அடுத்ததில் போன வருஷம் 62, இந்த வருஷம் 68. பட்டையை 60ல் தொடங்கியிருக்கிறாய். பார்க்கிறவனுக்கு நாலு மடங்கு கூடிவிட்டது போல இருக்கும். கூடியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கோட்டுப் படமென்றால் அடியை வெட்டலாம், அங்கே சாய்வைத்தான் பார்ப்பார்கள். பட்டையில் நீளத்தைத்தான் பார்ப்பார்கள், அது பூஜ்ஜியத்தில்தான் தொடங்க வேண்டும்.

உனக்கு என்னம்மா தெரியும் என்பாய். 1980ல் நம் மாவட்டத்தில் ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து நான் சேர்ந்தேன். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைப்பேன். கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார்கூட அட்டையை வாங்கிப் பார்த்து, "கோடு படுத்துக்கிச்சே அக்கா" என்பார்கள். எத்தனை கிலோ என்று கேட்க மாட்டார்கள். கோடு ஏறாத பிள்ளைக்குத் தொண்ணூறு நாள் சத்துருண்டை. நர்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1858லேயே, போருக்குப் போன சிப்பாய்கள் காயத்தைவிட நோயில்தான் அதிகம் செத்தார்கள் என்று கலர் படம் போட்டுக் காட்டினாராம், ட்ரெயினிங்கில் சொன்னார்கள். அந்தப் படத்தையும் காட்டினார்கள். எனக்கு எங்கள் அட்டைதான் சுலபமாகப் பட்டது.

அதனால்தான் உன் ஒன்பதாவது ஸ்லைடு எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஏப்ரல் புள்ளிக்கும் ஜூலை புள்ளிக்கும் நடுவே நேராகக் கோடு இழுத்திருக்கிறாய். மே, ஜூனில் எடை போட்டார்களா? போடவில்லையென்றால் அங்கே கோட்டை விட்டுவிடு, காலியாக இருக்கட்டும். காலியாகக் கிடந்தால்தான் யாராவது ஏன் என்று கேட்பார்கள்.

நான் செய்ததை உனக்குச் சொன்னதில்லை. உன் அட்டையில் பத்தாம் மாதமும் பதினோராம் மாதமும் நான் எடை போடவே இல்லை. உனக்கு வயிற்றுப்போக்கு. பிள்ளை இளைத்துப் போச்சு என்று அப்பத்தா தினமும் சொன்னார்கள். எனக்கே தெரிந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எடை போடுகிறவள் பிள்ளையே இறங்கிவிட்டது என்றால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? தராசில் உட்கார வைக்கப் பயந்தேன். அப்புறம் ஒரு நாள் காலையில் மேற்பார்வைக்கு வருகிறார்கள் என்றதும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஒன்பதையும் பன்னிரண்டையும் ஸ்கேல் வைத்து இணைத்து, நடுவில் இரண்டு புள்ளி வைத்தேன். அழகாக ஏறுகிற கோடு. அட்டை நன்றாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். உனக்குக் கிடைத்திருக்க வேண்டிய சத்துருண்டை கிடைக்கவில்லை. அந்த அட்டை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

ஞாயிறு ஞாயிறு நீ போன் பண்ணினால் காலண்டரில் சுழிப்பேன். ஐப்பசி கடைசியிலிருந்து காலியாக இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அடித்தாலும் எடுப்பதில்லை. வேலை இருக்கும். தம்பி காட்டிய போட்டோவில் உன் கழுத்தெலும்பு தெரிந்தது. அவன் கேமரா அப்படி என்கிறான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ராத்திரி பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பையில் முருங்கைப் பொடியும் எள்ளுருண்டையும் இருக்கின்றன. எள்ளுருண்டையை ஆபீஸில் எல்லாருக்கும் கொடுத்துத் தீர்த்துவிடாதே. உங்கள் வீட்டில் எடை மெஷின் இருக்கிறதுதானே? ஏறி நின்று பார்த்து எழுது. எத்தனை காட்டினாலும் எழுது.

அம்மா

பி.கு.: அந்த 60 பட்டையை மாற்றிவிட்டு எனக்கு அனுப்பு. தம்பிக்கு வேண்டாம், எனக்கே அனுப்பு.