64-ஆம் நம்பருக்கு அம்மா எழுதுறது

தம்பி கண்ணா,

ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் "சரிம்மா, அப்புறம் பேசறேன்"னு போனை வச்சுட்ட. குரல்லயே தெரிஞ்சுது உனக்கு மனசு சரியில்லன்னு. எனக்கும் அன்னிக்கு தூக்கம் வரல. நம்ம அமெரிக்கன் ஃபுட்பால் டீம் சிகாகோ பேர்ஸ் பிளேஆஃப்ல ராம்ஸ்கிட்ட 20-17ன்னு தோத்துச்சு, அதுவும் ஓவர்டைம்ல, நம்ம சோல்ஜர் ஃபீல்ட்ல, அந்த குளிர்ல. அப்பா டிவிய ஆஃப் பண்ணிட்டு மாடிக்கு போயிட்டாரு. நான் மட்டும் ரொம்ப நேரம் ஹால்லயே உக்காந்திருந்தேன், உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு தோணிச்சு, போன்ல சொன்னா அழுதுருவேன், அதான் எழுதுறேன். நிதானமா படி.

இந்த சீசன் முழுக்க நான் பந்தை பாக்கவே இல்ல. ஸ்னாப் ஆகி பந்து குவார்ட்டர்பேக் கைக்கு போன உடனே, என் கண்ணு பந்து வீசற அவனை காக்க முன்னாடி சுவரா நிக்கற லைன்காரங்க அஞ்சு பேர் மேலதான். லெஃப்ட் டேக்கிள், லெஃப்ட் கார்டு, சென்டர், ரைட் கார்டு, ரைட் டேக்கிள். பந்து எங்க போச்சுன்னு அப்பா கத்தறதை வச்சு தெரிஞ்சுக்குவேன். இப்படி பாக்க ஆரம்பிச்சது போன வருஷம்தான். நீ ஹைஸ்கூல்ல நாலு வருஷம் ரைட் கார்டா ஆடினப்ப நான் ஒரு தடவை கூட இப்படி பாக்கல, அதைத்தான் சொல்ல வந்தேன்.

2024 ஞாபகம் இருக்கா? காலேஜ் பசங்களை டீம் டீமா எடுக்கற டிராஃப்ட்ல, குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை முதல் பிக்ல எடுத்துட்டு ஊரே கொண்டாடிச்சு. 4-2, நாலு வெற்றி ரெண்டு தோல்வின்னு நல்லாத்தான் ஆரம்பிச்சாங்க, அப்புறம் வரிசையா பத்து தோல்வி. நவம்பர்ல பேட்ரியட்ஸ் இங்க வந்து 19-3ன்னு அடிச்சுட்டு போனாங்கல்ல, அன்னிக்கு ஒரே மேட்ச்ல ஒன்பது ஸாக், பந்து கையில இருக்கும்போதே கேலப்பை கீழ தள்ளினது ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவை அந்த பையன் கீழ விழுந்து எழுந்திரிக்கும்போதும் எனக்கு வயித்தை பிசையும், இவனோட அம்மா இதை எப்படி பாக்கறாங்கன்னு. வருஷக் கடைசில 68 ஸாக். லீக்லயே அதிகம். 2002-ல ஹூஸ்டன்ல டேவிட் கார் 76 தடவை விழுந்தாரே, அவர் வரிசையில நம்ம பையனும் போய் நிக்கற மாதிரி ஆயிடுச்சு. முதல்ல அஃபென்ஸ் கோச்சை தூக்கினாங்க, தேங்க்ஸ்கிவிங் மேட்ச் மறுநாள் ஹெட் கோச்சையும் தூக்கினாங்க. சீசன் நடுவுல ஹெட் கோச்சை அனுப்பறது பேர்ஸ் சரித்திரத்துலயே அதுதான் முதல் தடவையாம்.

அந்த 68-ம் லைன் பண்ண தப்பு மட்டும்னு நான் சொல்ல மாட்டேன். கேலப் பந்தை ரொம்ப நேரம் கையில வச்சிருந்தான், ரெண்டு செகண்ட்ல வீச வேண்டியதை நாலு செகண்ட் வச்சுட்டு ஓடினா எந்த லைன்தான் தாங்கும். அது உனக்கே தெரியும். ஆனா நடுவுல சுவரே இல்ல. ஓரத்துல டேக்கிள் தோத்தா குவார்ட்டர்பேக் முன்னாடி நகர்ந்து தப்பிச்சுக்கலாம், நடுவுல கார்டோ சென்டரோ தோத்தா அவனுக்கு முன்னாடி போகவும் இடமில்ல, நேரா மூஞ்சிக்கு ஆள் வந்துருவான். இதை எனக்கு யாரும் சொல்லித்தரல, அந்த ஒன்பது ஸாக்கை திரும்பத் திரும்ப பாத்து நானே கண்டுபிடிச்சது. அப்பதான் மனசுல சுருக்குன்னுச்சு, நீ நின்ன இடம் அந்த நடுதானே.

அதனாலதான் போன மார்ச்ல நியூஸ் வந்தப்ப அவ்வளவு சந்தோஷப்பட்டேன். நம்ம டீம் ஜெனரல் மேனேஜர் ரையன் போல்ஸ் பாஸ்டன் காலேஜ்ல அவரே லைன்ல ஆடினவர், வலி தெரிஞ்ச ஆளு. அடுத்தடுத்து ரெண்டு ட்ரேடு போட்டு ரெண்டு கார்டையும் மாத்தினாரு, அது போதாதுன்னு சென்டரையும் வெளில இருந்து கூட்டிட்டு வந்தாரு, 42 மில்லியன், மூணு வருஷத்துக்கு, அட்லாண்டால இருந்து ட்ரூ டால்மன். அவங்க அப்பாவும் 49ers லைன்ல ஆடினவராம், வீட்டுலயே பாடம் படிச்ச பையன்.

லெஃப்ட் கார்டுக்கு வந்த ஜோ தூனிய கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் எப்படி விட்டுச்சுன்னு அப்பா இன்னும் கேட்டுட்டே இருக்காரு. பேட்ரியட்ஸ்ல ரெண்டு, சீஃப்ஸ்ல ரெண்டு, நாலு சூப்பர் பவுல் மோதிரம் வாங்கினவர். காரணம் காசுதான், காண்ட்ராக்ட்ல கடைசி வருஷம், சம்பளம் பெருசு, டீம் மொத்த சம்பளத்துக்கு இருக்கற கேப்ல இடம் வேணும். 32 வயசு ஆளுக்கு நம்ம குடுத்தது 2026 டிராஃப்ட்ல ஒரு நாலாவது ரவுண்ட் பிக். நாலாவது ரவுண்ட்ல வர்ற பையன் டீம்ல நிலைச்சாலே பெரிய விஷயம், அதைக் குடுத்து ஒரு முழு அனுபவத்தை வாங்கிட்டு வந்தாங்க. 2024 கடைசில சீஃப்ஸ்ல லெஃப்ட் டேக்கிளுக்கு ஆள் இல்லாம இவரைத்தான் கார்டுல இருந்து நகர்த்தி ஓரத்துல நிக்க வச்சாங்க, சூப்பர் பவுல்ல ஈகிள்ஸ்கிட்ட அவங்க குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் ஆறு தடவை விழுந்தாரு, டீமே தோத்துச்சு. ஆனா வேற ஒருத்தர் இடத்துல போய் நில்லுன்னா வாய் பேசாம போய் நின்னாரே, அதுக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

ஜோனா ஜாக்சன் கதை வேற. அவர் உன் இடம், ரைட் கார்டு. டெட்ராய்ட்ல நாலு வருஷம் நல்லா ஆடினவர், ராம்ஸ் பெரிய காண்ட்ராக்ட் குடுத்து கூட்டிட்டு போனாங்க, அங்க தோள்ல அடி, திரும்பி வந்ததும் சென்டரா நிக்க வச்சாங்க, சரியா வரல, பெஞ்ச்ல உக்கார வச்சுட்டாங்க. ஒரே வருஷம்தான், ஆறாவது ரவுண்ட் பிக்குக்கு தூக்கிக் குடுத்துட்டாங்க. அவ்வளவு கம்மியா ஒருத்தரை எடை போட்டுட்டாங்களேன்னு எனக்கு வருத்தமா இருந்துச்சு. ஆனா நம்ம புது ஹெட் கோச் பென் ஜான்சன் டெட்ராய்ட்ல இருந்து வந்தவர்தானே, அங்க ஜாக்சன் என்ன ஆடினாருன்னு கிட்ட இருந்து பாத்தவரு. தெரிஞ்ச ஆள்கிட்ட வந்து, திரும்ப கார்டாவே நின்னாரு, தேறிட்டாரு. நீ போன மாசம் வேலை செய்யற இடத்துல அந்த டீம் எனக்கு ஒத்து வரலம்மா, வேற வேலை பாக்கறேன்னு சொன்னப்ப எனக்கு இவர் ஞாபகம்தான் வந்துச்சு. அப்பா ஏதோ சொல்லிட்டாருன்னு மனசுல வச்சுக்காத, நீ பாரு.

மூணு நல்ல ஆளை வாங்கிட்டு வந்தா மட்டும் லைன் ஆயிடாது, அதுதான் இந்த வருஷம் நான் கத்துக்கிட்டதுலயே பெருசு. முதல் ரெண்டு மேட்ச் பாத்தல்ல? வைக்கிங்ஸ்கிட்ட தோல்வி, டெட்ராய்ட்ல 52-21. ஸ்னாப்புக்கு முன்னாடியே ஒருத்தர் அசைஞ்சு அசைஞ்சு ஃபால்ஸ் ஸ்டார்ட், அஞ்சு அஞ்சு யார்டா பின்னாடி. அஞ்சு பேரும் கெட்டிக்காரங்கதான், ஆனா ஒருத்தர் மூச்சு இன்னொருத்தருக்கு இன்னும் பழகல. எங்க அண்ணன், உன் பெரிய மாமா, ஒட்டன்சத்திரத்துல கபடி ஆடும்போது சொல்லுவாரு, கார்னர்ல நிக்கறவனும் கவர்ல நிக்கறவனும் கைய கோத்துக்கிட்டா மட்டும் போதாது, பக்கத்துக்காரன் எப்ப பாயப்போறான்னு அந்த கை வழியா தெரியணும்னு. லைன்ல கை கோக்கறதும் இல்ல, ஆனா அதேதான் வேணும்.

லைன் கோச் டேன் ரூஷார் சத்தம் போடாத மனுஷன், நியூ ஆர்லியன்ஸ்ல பல வருஷம் இருந்தவர். அவரும் ஜான்சனும் லெஃப்ட் டேக்கிளுக்கு ஒருத்தர் மாத்தி ஒருத்தரா நிக்க வச்சு பாத்தாங்க. பிராக்ஸ்டன் ஜோன்ஸ் ஆரம்பிச்சாரு, அப்புறம் தியோ பெனடெட், கனடா பையன், NFL டிராஃப்ட்ல யாரும் எடுக்காத பையன். கடைசில ஆசி ட்ரபிலோ. அந்த பையன் காலேஜ்ல கடைசியா ஆடினது வலது பக்கம். இங்க இடது பக்கம்னா கால் வைக்கறது, கை நீட்டறது எல்லாம் கண்ணாடில தெரியற மாதிரி தலைகீழ். முதல்ல அவனை அவசரப்படுத்தல, உக்கார வச்சு, பழக்கி, சீசன் பாதி தாண்டினப்புறம்தான் இடத்தை குடுத்தாங்க. அவங்க அப்பாவும் செயின்ட்ஸ்ல கார்டா ஆடினவராம், பையன் ரொம்ப சின்னதா இருக்கும்போதே தவறிட்டாராம். பேக்கர்ஸ் பிளேஆஃப்ல அவன் முட்டியை பிடிச்சுட்டு விழுந்தப்ப எனக்கு அந்த அம்மாவைத்தான் நினைக்க தோணிச்சு. நம்ம 31-27 ஜெயிச்சது கூட அன்னிக்கு எனக்கு முழுசா சந்தோஷமா இல்ல.

எது மாறிச்சுன்னு எனக்கு புரிஞ்ச வரைக்கும் சொல்றேன், தப்புன்னா திருத்து. ஜான்சன் முதல்ல ஓட்டத்தை, அதான் பந்தை வீசாம தூக்கிட்டு ஓடறதை, சரி பண்ணாரு. ஓட்டம் நல்லா இருந்தா எதிர்ல நிக்கறவன் நேரா குவார்ட்டர்பேக் மேல பாய முடியாது, இது ரன்னா பாஸான்னு ஒரு நொடி யோசிப்பான், அந்த ஒரு நொடிதான் லைனுக்கு சோறு. பிளாக் ஃப்ரைடே அன்னிக்கு ஃபிலடெல்ஃபியால, தூனிய சூப்பர் பவுல்ல அந்த பாடு படுத்தின அதே ஈகிள்ஸ் மேல, 281 யார்ட் ஓடினாங்க. பந்தை தூக்கிட்டு ஓடறவங்க ரெண்டு பேர்ல ஸ்விஃப்ட்டும் நூறு தாண்டினான், மொனங்காயும் நூறு தாண்டினான். டிவில அவங்க ரெண்டு பேரையே காட்டினாங்க. நான் பாத்தது டால்மனும் ஜாக்சனும் ஒருத்தனை சேர்ந்து தள்ளிட்டு, சரியான நேரத்துல ஒருத்தர் மட்டும் கழண்டு அடுத்து பின்னாடி நிக்கற லைன்பேக்கரை போய் பிடிக்கறதை. எப்ப கழலணும்னு கண்ணால சொல்லிக்க நேரமே கிடையாது, தோளோட தோள் ஒட்டி இருக்கறப்பவே தெரியணும். நீ சாப்பாட்டு மேஜைல உப்பு டப்பாவையும் ஊறுகா பாட்டிலையும் நகர்த்தி நகர்த்தி எனக்கு இதைத்தான் சொல்லித்தர பாத்தியேடா, நான் தோசை கருகுதுன்னு எழுந்து போயிட்டேன்.

68 ஸாக்ல இருந்து 24. ஒரே வருஷத்துல. கேலப் 3,942 யார்ட் வீசி பேர்ஸ் ரெக்கார்டை உடைச்சான், டிவிஷன் ஜெயிச்சாங்க, 11-6. எல்லாரும் கேலப் தேறிட்டான்னு சொல்றாங்க. தேறினான், பந்தை சீக்கிரம் விட கத்துக்கிட்டான், உண்மைதான். நிமிர்ந்து பாக்க அவனுக்கு இடம் கிடைச்சுச்சு, அதையும் சேர்த்து சொல்லணும்.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வரேன்.

உன் சீனியர் வருஷம், அந்த கடைசி ஹோம் கேம். உங்க குவார்ட்டர்பேக் பையனுக்கு தோள் எலும்பு விலகி ஸ்ட்ரெச்சர்ல கொண்டு போனாங்க. நீ கார்ல முன் சீட்ல உக்காந்து வீடு வர்ற வரைக்கும் அழுதுட்டே வந்த, "என் ஆளும்மா, நான் விட்டுட்டேன்"னு. அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா, உனக்கு மறந்திருக்காது, "நீ பந்தையே தொடலயே, உனக்கு என்ன, விடு"ன்னேன். ஆறுதலா சொல்றதா நினைச்சுதான் சொன்னேன் கண்ணா. நாலு வருஷம் உன் விரல் வீங்கி வந்துச்சு, முட்டிக்கு பட்டை கட்டி விட்டேன், சேறு ஊறின ஜெர்சிய துவைச்சேன், ராத்திரி பத்து மணிக்கு உனக்கு எட்டு தோசை ஊத்தினேன், ஆனா நீ அங்க என்ன வேலை செய்யறன்னு ஒரு நாள் பாக்கல. மைக்ல உன் நம்பர் வந்ததெல்லாம் "ஹோல்டிங், 64"ன்னு பெனால்ட்டிக்குத்தான். மத்த அம்மாங்க அவங்க பிள்ளைங்க பேருக்கு எழுந்து நின்னு கத்துவாங்க, நான் எதுக்கு கத்தறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். நீ சரியா செஞ்ச ஒவ்வொரு தடவையும் அங்க ஒண்ணும் நடக்கல, ஒண்ணும் நடக்காம இருந்ததே நீ செஞ்ச வேலைன்னு எனக்கு இப்பதான் தெரியுது. என்னை மன்னிச்சுரு.

நேத்து அப்பா பழைய ஹார்ட் டிஸ்க்கை தேடி எடுத்துக் குடுத்தாரு. அந்த மேட்ச் வீடியோ இருக்கு, அப்பா ஸ்டாண்ட் மேல இருந்து எடுத்தது, கை ஆடுது, ஆனா உன்னை நல்லா தெரியுது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் 64-ஐ மட்டும் பாத்தேன். மூணாவது குவார்ட்டர்ல நீ லைனை விட்டு கழண்டு இடது பக்கம் ஓடி வந்து ஒருத்தனை அப்படியே தூக்கி ஓரமா வைக்கற, அந்த பையன் டச்டவுன் போடறான், எல்லாரும் அவனைத்தான் கட்டிப் பிடிக்கறாங்க, நீ தனியா நடந்து பெஞ்ச் பக்கம் வர்ற. நான் எழுந்து நின்னு கை தட்டினேன், அப்பா முழிச்சுக்கிட்டாரு.

அப்புறம் அந்த பிளே வந்துச்சு. ஒரு இருபது தடவை நிறுத்தி நிறுத்தி பாத்திருப்பேன். உன் எதிர்ல இருந்தவன் முதல்ல வெளில போறான், டேக்கிள் பக்கமா. அவனுக்கு பின்னாடி சுத்திக்கிட்டு இன்னொருத்தன் உள்ள வர்றான், உன் பக்கமா. இதைத்தானே ஸ்டண்ட்னு சொல்றாங்க? பேர்ஸ் லைன்ல இப்படி வரும்போது ரைட் டேக்கிள் டார்னல் ரைட்டும் ஜாக்சனும் ஆளை மாத்திக்கறாங்க, இவர் விட்டவனை அவர் எடுத்துக்கறாரு. உன் வீடியோல நீ உன் ஆளை டேக்கிள்கிட்ட தள்ளி விட்டுட்டு திரும்பி உள்ள பாக்கற, உள்ள வர்றவன் மேல கை வைக்கற. ஆனா டேக்கிள் பையன் நீ தள்ளி விட்டவனை எடுக்கவே இல்ல, இன்னும் பழைய ஆளையே துரத்திக்கிட்டு உன் முதுகுல வந்து இடிக்கறான். அந்த வெளில போனவன்தான் போய் குவார்ட்டர்பேக்கை அடிக்கறான்.

எனக்கு தெரிஞ்சது இவ்வளவுதான், நான் தப்பா கூட பாத்திருக்கலாம். வீடியோவை வாட்ஸ்அப்ல அனுப்பறேன், பெருசா இருக்கு, போகலன்னா தங்கச்சிகிட்ட சொல்லி வேற வழியில அனுப்ப சொல்றேன். 41-வது நிமிஷம். பாத்துட்டு சனிக்கிழமை காலைல கூப்பிடு, அங்க டென்வர்ல எட்டு மணின்னா இங்க ஒன்பது, நான் வேலையெல்லாம் முடிச்சுட்டு உக்காந்திருப்பேன். அந்த ஆளை யார் எடுத்திருக்கணும்னு நீ சொல்லு. உப்பு டப்பாவை எடுத்து வச்சுக்கறேன்.

அன்புடன்,
அம்மா