கலோரியில் ஒரு குழப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மெல்போர்னில் இருக்கும் மகன் போன மாதம் ஓட்ஸ் பாக்கெட் அனுப்பியிருந்தான். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. நாளுக்கு 1,500 கலோரிக்கு மேல் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆஸ்திரேலிய பாக்கெட்டில் 100 கிராமுக்கு 1,560 என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் மனுஷர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தால், அது கிலோஜூல்; கலோரி மாதிரியே உணவின் சக்தியை அளக்கும் வேறொரு அலகு. செல்போனில் அலகு மாற்றும் கணிப்பானைத் திறந்து, ஒரு வேளைக்கு எடுக்கும் 40 கிராமுக்கு 624 கிலோஜூல் என்று போட்டு, 'கலோரி'யைத் தொட்டேன். 1,49,140 என்று வந்தது! நல்லவேளை, அவரிடம் காட்டவில்லை.

நாம் பேச்சில் கலோரி என்பதெல்லாம் உண்மையில் கிலோகலோரி. கணிப்பானோ பள்ளிக்கூடப் பாடத்துக் கலோரியைப் பிடித்துக்கொண்டது. ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஒரு கிலோகலோரிக்கு 4.184 கிலோஜூல்; அந்த 624ஐ 4.184ஆல் வகுத்திருந்தால் 149 என்று காகிதத்திலேயே கிடைத்திருக்கும். கணிப்பான் செய்பவர்கள் அந்த வரிக்குப் பக்கத்தில் 'உணவுக்கு இது அல்ல' என்று தமிழில் நாலு எழுத்து போடக் கூடாதா?

விட மனமில்லாமல் கரண்ட் யூனிட்டையும் போட்டுப் பார்த்தேன். ஒரு யூனிட் 860 கிலோகலோரி. அவருடைய முழுநாள் சாப்பாடு ஒண்ணே முக்கால் யூனிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. எங்கள் 2,000 வாட் கீசர் அதை 52 நிமிடத்தில் குடித்துவிடும். இப்போது குளிக்கப் போகும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

இப்படிக்கு,
ஓர் இல்லத்தரசி,
ஸ்ரீரங்கம், திருச்சி.